நைட் முடிந்து வீடு போகும் வழி

சிரிஞ்ச் பம்பில் 1.2 என்று வைக்க வேண்டிய இடத்தில் 12 என்று வைத்துவிட்டேன். மருந்து நோர்அட்ரினலின். ஐசியுவில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: ரத்த அழுத்தம் விழுந்துபோன நோயாளியைத் தாங்கிப் பிடித்திருக்கும் மருந்து அது. மணிக்கு ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று அளந்துதான் உள்ளே போகும். பத்து மடங்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. ஸ்டார்ட் பொத்தானுக்கு விரல் போகும்போது பக்கத்துப் படுக்கையில் நின்றிருந்த சீனியர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "புள்ளியப் பாரு" என்றார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் நாள் வார்டுக்கு மாறினார், பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்று எனக்குத் தொடர்ந்து ஆறாவது நைட். வேலை திருச்சியில், வீடு லால்குடியில். மகளுக்கு எட்டு மாதம். காலை எட்டு மணிக்கு டூட்டி முடியும் என்பது பேச்சுக்குத்தான். ஓவர் கொடுத்து, அதாவது அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து, மருந்துக் கணக்கு முடித்து வெளியே வர எட்டே முக்கால் ஆகும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் பஸ் பிடித்து வீடு சேரப் பத்து. பிள்ளைக்குப் பால் கொடுத்து, குளித்து, நாலு வாய் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று. அது ஆடி மாதம். தெருமுனை மாரியம்மன் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். மாலை ஆறு மணிக்கு மறுபடி பஸ். இப்படி ஆறு நாள் ஓடிய பிறகுதான் அந்தப் புள்ளி என் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

மறுநாள் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். சரியான நடைமுறைதான், எழுதத்தான் வேண்டும். அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்றார் இன்சார்ஜ். போட்டேன். அந்தச் சொல் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. கவனம் எனக்குக் குறைந்தது உண்மை. ஆனால் அது குறைந்த இடம் ஐசியு இல்லை. லால்குடியில் அந்தக் கூரைக்குக் கீழே, நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் குறைந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இது நடந்து மூன்று வருடம் கழித்து, போன ஏப்ரலில், மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் என் கையில் இருந்தன. அண்ணன், மாமா, கூடப் படித்தவர்கள், எதிர்வீட்டு டீச்சர் என்று எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எது சம்பளம் அதிகம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எது பெர்மனென்ட்?" என்பது. இரண்டும் நல்ல கேள்விகள். எனக்கு மட்டும் அந்தப் புள்ளிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

மூன்று கடிதங்கள்

முதலாவது சவுதி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக விண்ணப்பித்திருந்தேன். 2015-இல் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்த பிறகு, ஏஜென்டுகளிடம் லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு அழுத எங்களுக்கு முந்தைய செட் அக்காக்களின் நிலைமை எங்களுக்கு வரவில்லை. கட்டணம் முப்பதாயிரம், அதன் மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. சர்டிஃபிகேட் எல்லாம் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு முடிந்து, அங்கே நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய ப்ரோமெட்ரிக் தேர்வும் பாஸ் ஆகியிருந்தது. சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வராது. ஆனால் குடும்பத்தை உடனே கூட்டிப் போக முடியாது. மகளுக்கு நாலு வயது. அவளை விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. முடிந்து போனவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். என் தோழி ஒருத்தி அப்படிப் போய்த்தான் தன் தங்கைகள் இருவரையும் படிக்க வைத்தாள். இதற்கு மேல் சவுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மூன்று கடிதங்களில் அந்த ஒன்றில்தான் நான் எங்கே தூங்குவேன் என்று எழுதியிருந்தது. தங்குமிடம் மருத்துவமனை தரும், டூட்டிக்குப் போய்வரப் பஸ் மருத்துவமனை விடும் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, திருச்சியிலேயே ஒரு நகர்ப்புற நலவாழ்வு மையம். மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம் 18,000. நைட் கிடையாது. மூன்றாவது, சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் இதய ஐசியு. கடிதத்தில் 38,000 என்று இருக்கும், பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு 31,000 வரும். மாதத்தில் ஒரு வாரமாவது நைட் உண்டு, பன்னிரண்டு மணி நேரம்.

தனியார் நர்ஸ் சம்பளம் பற்றிப் பேச வந்தால் 2016-ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு அந்த வருடம் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அந்த மாநில அரசு நர்ஸின் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும். 100-க்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கு மேல் என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதற்கும் சின்ன மருத்துவமனையிலும் 20,000-க்குக் கீழே போகக் கூடாது. இதை எங்கள் ஹாஸ்டல் சுவரில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி வைத்திருந்தோம். எல்லோரும் இந்த எண்களைத்தான் மனப்பாடம் செய்தோம். அதே பரிந்துரையில் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் இவையும் அரசு நர்ஸ்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று. அந்த வரியை அன்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சம்பளத்துக்காகக் கொடி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கடைசி வரி.

பன்னிரண்டு முதல் நாலு வரை

முடிவெடுக்கும் முன் இரண்டு இடத்தையும் நேரில் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். இன்டர்வியூ நடந்த அறையை வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடுவது, பெண் பார்க்க வந்த அன்றைய பலகாரத்தை வைத்துக் குடும்பத்தை எடைபோடுவது போலத்தான்.

நலவாழ்வு மையத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை போனேன். 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 மையம் திறந்தார்களே, அந்த வகை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை, மாலை நாலு முதல் எட்டு வரை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த நேரம், ரொம்ப யோசித்து வைத்த நேரம். நான் போனபோது வாசலில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்த நர்ஸ் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு பாட்டிக்கு பிரஷர் பார்த்துவிட்டு, "மாத்திரைய மகனுக்குப் பங்கு குடுக்குறியா? ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தீர்ந்து போச்சே" என்று கேட்டார். பாட்டி சிரித்துவிட்டது. மகன் தனியாக வந்து பதிவு செய்ய வெட்கப்படுகிறானாம். அக்கா உடனே மகன் வேலை பார்க்கும் கடையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதுவும் நர்சிங்தான். ஐசியுவுக்கு வந்து சேரும் பல பேர், இப்படி ஒருவர் கேட்காததால் வந்து சேர்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். வாதம் வந்து விழுந்தவரின் வீட்டாரிடம், "பிரஷர் மாத்திரை போட்டாரா?" என்று கேட்டால் நூற்றுக்குப் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள்.

நான் அக்காவிடம் கேட்டது, "பன்னிரண்டுல இருந்து நாலு வரைக்கும் என்ன பண்ணுவீங்க?" என்பது. "எனக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. போய்ச் சோறாக்கி, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்துட்டு வந்துடுவேன். முன்னாடி இருந்த பொண்ணு முசிறியில இருந்து வரும். நாலு மணி நேரமும் இங்கேயே பெஞ்சுல உக்காந்திருக்கும். காலையில ஆறரைக்குக் கிளம்பினா ராத்திரி பத்துக்குத்தான் வீடு. எட்டு மணி நேர வேலை, ஆனா பதினஞ்சரை மணி நேரம் வெளியில. நாலு மாசத்துல நின்னுட்டா." அவர் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. ஒரே வேலை, ஒரே 18,000. வீடு இருக்கும் இடம் மாறியதும் ஒருத்திக்கு வாழ்க்கையானது, இன்னொருத்திக்கு நாலு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

அப்படியென்றால் திருச்சியில் மையத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்குப் போய்விட்டால் சரியாகிவிடும் இல்லையா? என் வீட்டுக்காரர் துவாக்குடியில் வெல்டர், அவருக்கும் அது வசதி. இந்த ஏற்பாட்டைத்தான் ஒரு வாரம் முழுக்க மனதில் வைத்துக் குடித்தனம் நடத்திப் பார்த்தேன். இரண்டு விஷயம் இடித்தது.

ஒன்று, அந்த ஒப்பந்தம். பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரம் செய்யப்பட மாட்டாது என்று அறிவிப்பிலேயே இருக்கும். அதற்குச் சம்மதம் என்று நாமே கைப்பட எழுதியும் கொடுக்க வேண்டும். கொரோனாவில் எடுத்த நர்ஸ்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தபோது என்னோடு படித்த இரண்டு பேர் அதில் இருந்தார்கள். பிபிஇ உடுப்புக்குள் பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்கள், புத்தாண்டு அன்று போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படத்தை அவர்கள் அனுப்பியதை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயத்தை வெளியே சொல்லத் தயங்கினேன். எனக்கு ஐசியு பிடிக்கும். குழந்தையை வைத்துக்கொண்டு நைட் இல்லாத வேலையை விட்டுவிட்டு ஐசியுதான் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், நம் ஊரில் அதைக் கேட்கிற முகங்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது அது குழாய் வளைந்ததா, சளி அடைத்ததா, நோயாளி தானாக மூச்சு விடப் பார்க்கிறாரா என்று திரையைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தக் கைப்பழக்கம் வர எனக்கு ஏழு வருடம் ஆனது. இரண்டு மூன்று வருடம் விட்டால் போய்விடும். பிறகு வெளிநாடோ, வேறு பெரிய மருத்துவமனையோ, சமீபத்து அனுபவம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் என் கைக்குத் தெரியும்.

எட்டு நாற்பது

சென்னைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போனேன். அந்த மருத்துவமனையில் முதல் நாள் ஹெச்.ஆர். பேசியது, படிவம் நிரப்பியது எல்லாம் வழக்கம்போல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன், இல்லை, சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். முதல் வேலையில் என் சர்டிஃபிகேட் இரண்டு வருடம் ஒரு பீரோவுக்குள் கிடந்ததால் அந்தக் கேள்வியை நான் எங்கே போனாலும் கேட்பேன். இரவு தோழியின் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஏழரைக்கே மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். முன்வாசலில் கண்ணாடிக் கதவும் பூச்சாடியும் இருக்கும். ஸ்டாஃப் போவது வருவது எல்லாம் பின்வாசலில்தான்.

டே ஷிஃப்ட் உள்ளே போனது. தலை வாரி, பொட்டு வைத்து, டிபன் பையோடு போனார்கள். எட்டு மணி ஆனது, யாரும் வெளியே வரவில்லை. எட்டு இருபதுக்கு வார்டு ஆட்கள் வந்தார்கள். எட்டு நாற்பதுக்கு ஐசியு பெண்கள் நாலைந்து பேராக வந்தார்கள். ஐசியுவில் இருந்து வருகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் குளிரில் இரவெல்லாம் நின்றுவிட்டு வெயிலுக்கு வரும்போது ஒரு நொடி எல்லோரும் நின்று கண்ணைச் சுருக்குவோம். நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன், ஏழு வருடம்.

அதில் ஒரு பெண் மட்டும் கூட்டத்தை விட்டுப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கூடவே நடந்து போய், "சிஸ்டர், நான் இங்க சேரலாம்னு இருக்கேன். ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றேன். முதலில் பயந்தாள். திருச்சி என்றதும், "அக்கா, நான் கள்ளக்குறிச்சி" என்று முகம் மலர்ந்தது.

நேற்று ராத்திரி எத்தனை நோயாளி என்று கேட்டேன். வென்டிலேட்டரில் ஒருவர், அவர் மட்டும்தான் என்றாள். கேட்டதும் எனக்கு ஆச்சரியம். வென்டிலேட்டருக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது எல்லோருக்கும் தெரிந்த நியதி, ஆனால் இரண்டு வென்டிலேட்டரை ஒருத்தி பார்த்த இரவுகளை எண்ண எனக்கு விரல் போதாது. "நம்ம யூனிட்ல அதுல ரொம்பக் கண்டிப்புக்கா. ஆள் வரலைன்னா இன்சார்ஜ் மேடமே வந்து நிப்பாங்க. பம்ப்ல ரேட் மாத்தினா ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடணும்" என்றாள். இரண்டு பேர் கையெழுத்து. என் மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கை அங்கே ஒரு விதியாகவே இருந்தது. சரி, இந்த இடம்தான் என்று அந்த நிமிடமே மனம் சொல்லிவிட்டது.

அப்புறம்தான், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். கூடுவாஞ்சேரியில் சித்தி வீடு. முதலில் ஹாஸ்டலில் இருந்தாளாம். ஒரு அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். பகலில் தூங்கப் போனால் ஒருத்தி லைட்டைப் போடுவாள், ஒருத்தி போன் பேசுவாள், யாரைக் குறை சொல்வது? அதனால் சித்தி வீட்டுக்கு மாறிவிட்டாள். பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின். "உக்காந்தா தூங்கிடுவேன்னு நின்னுட்டே போவேன். நின்னுட்டேயும் தூங்கியிருக்கேன். ரெண்டு தடவை செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டேன்க்கா. ரெண்டாவது தடவை எந்திரிச்சுப் பார்த்தா பையில போன் இல்ல." அதன்பிறகு சித்தி அவளுடைய செயினைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாராம்.

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "தைரியமா சேருங்கக்கா. வேலையில பயமே இல்ல. வீட்டுக்குப் போறதுதான் பயம்" என்றாள்.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். மூன்று வருடமாக என்னால் நிரப்ப முடியாத அந்தக் கட்டத்தை இவள் நிரப்பிவிட்டாள். ஆறாவது நைட்டில் என் கண்ணுக்குப் புள்ளி தெரியாமல் போனதற்கான காரணத்தை, தன் வாழ்க்கையில் வைத்து, ஒரே வரியில். ஒரு மருத்துவமனை நோயாளிக்காக எவ்வளவு நல்ல விதிகளை வைத்திருந்தாலும், அந்த விதிகளைக் காப்பாற்றும் பெண் செங்கல்பட்டில் கண்விழித்து, எதிர்ப்பக்க ரயில் ஏறி, பதினொரு மணிக்கு வீடு சேர்ந்து, மாலை ஐந்துக்கு மறுபடி கிளம்புகிறாள் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கையெழுத்தைப் போடுகிற கண் எந்தக் கண்? மருத்துவமனைகள் எங்களிடம் கேட்கும் நூறு கேள்வியில், எங்கே தூங்குவாய் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நாங்களும் வேலைக்குச் சேரும் முன் அதை எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். மானம், மரியாதை, சம்பளம் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிற எங்கள் சங்கக் கூட்டங்களில் தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று நான் இப்போது கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பதினெட்டாயிரம்

அன்றே வீடு தேடத் தொடங்கினேன். வேலையில் சேர்வதாகச் சொல்லாமலேயே. மருத்துவமனையில் இருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் சேர்வது, இல்லையென்றால் இல்லை. என் வீட்டுக்காரரிடம் போனில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வீட்டப் பாத்துட்டு வேலைக்குப் போறவள இப்பத்தான் பாக்குறேன். சரி, பாரு" என்றார்.

மூன்று நாளில் பதினோரு வீடு பார்த்தேன். இரண்டு இடத்தில், நைட் டூட்டி என்றதும், "ராத்திரி வர்றது போறதுன்னா அக்கம்பக்கத்துல பேசுவாங்கம்மா" என்றார்கள். நர்ஸ் என்றால் ஊசி போட்டுவிட மட்டும் வேண்டும், பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது. இந்த மனக்கசப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. கொரோனாவில் கைதட்டியவர்கள் இவர்களும்தானே. அட்வான்ஸ் எல்லா இடத்திலும் பத்து மாதம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 2017-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னால் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தத்தான் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாவதாகப் பார்த்தது மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி, வெளியே குளியலறை. ஓட்டமாக நடந்தால் எட்டு நிமிடம், களைத்து நடந்தால் பத்து. வழி முழுக்கத் தெருவிளக்கு, நடுவில் ஒரு பால் பூத், விடிகாலையிலேயே திறந்திருக்கும். நான் அந்த வழியை இரவு ஒன்பதரைக்கு ஒருமுறையும் காலை ஆறுக்கு ஒருமுறையும் தனியாக நடந்து பார்த்தேன். ஜன்னல் வடக்குப் பார்த்தது. பகலில் திரையை இழுத்துவிட்டால் இருட்டாகிவிடும். வீட்டுக்கார அம்மாவிடம் நைட் டூட்டியைச் சொன்னேன். "எங்க அக்கா ஜிஹெச்ல நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ. நீ தூங்கு, நான் கீழ மிக்ஸி போடும்போது பாத்துப் போடுறேன்" என்றார். வாடகை 13,000. அட்வான்ஸ் ஐந்து மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்.

31,000-இல் 13,000 போனால் மிச்சம் 18,000. கணக்குப் போட்ட காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சி மையத்தின் சம்பளமும் அதே 18,000. அண்ணன் போனில் கத்தினார். "அதே காசுக்கு ஊருல இருந்து நைட் இல்லாம வேலை பாக்கலாம்ல? ஊரை விட்டு, புருஷனை விட்டு, பத்துக்குப் பத்து ரூமுக்குப் போய் என்ன சம்பாதிச்ச?" அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. திருச்சியிலும் வாடகை கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அதன் பிறகும் இரண்டு கணக்கிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தள்ளிப் போய் ஆறாயிரத்துக்கு வீடு பிடித்திருந்தால் மாதம் ஏழாயிரம் கையில் நின்றிருக்கும். அந்த ஏழாயிரத்தை நான் தூக்கத்துக்குக் கொடுக்கிறேன் என்றேன். அண்ணன் போனை வைத்துவிட்டார். இரண்டு மாதம் பேசவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. என் வீட்டுக்காரர் துவாக்குடியிலேயே இருக்கிறார். அம்பத்தூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கேட்டிருக்கிறோம், இதுவரை கிடைத்த இடங்களில் சம்பளம் குறைவு, எங்கள் வீட்டில் இருந்து போய்வர மூன்று மணி நேரம். அவரைப் பஸ்ஸில் தூங்க வைத்துவிட்டு நான் மட்டும் பக்கத்தில் வேலை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவு வண்டி ஏறி, ஞாயிறு விடியத் தாம்பரத்தில் இறங்கி வருவார். அன்று ராத்திரியே திரும்பிவிடுவார். மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த மையத்தின் வாசலும் பெஞ்சும் என் கண்முன் தெரியும். நான் எடுத்த முடிவு சரியா என்று அந்த நிமிடத்தில் யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. இரவு யூனிட்டுக்குள் போய்ப் பம்ப்பின் திரையில் எண்ணைப் பார்க்கும்போது கண் தெளிவாக இருக்கிறது. அதையும் நான் பொய் என்று சொல்ல முடியாது.

அத்தை என்னோடு வந்துவிட்டார். லால்குடியை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல வெளியே தங்காதவர், பேத்திக்காக வந்தார். முதல் மாதம் தண்ணீர் பிடிக்கவில்லை, பேச ஆள் இல்லை என்று அழுதார். இப்போது பால் பூத்காரர் வரைக்கும் பழக்கம்.

கள்ளக்குறிச்சிப் பெண் என் யூனிட்தான். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே இருவருக்கும் ஒன்றாக நைட் விழுந்தது. காலையில் வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, அவள் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பியபோது கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அறையில் இடம் கிடையாது. அடுப்படி ஓரமாக ஒரு பாய் போட்டால் கால் நீட்டலாம். அன்று மதியம் இரண்டு மணி வரை அசையாமல் தூங்கினாள். எழுந்து அத்தை வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் இல்லாத வண்டியில் சித்தி வீட்டுக்குப் போனாள்.

இப்போது நைட் வாரங்களில் அவள் பாய் எங்கள் வீட்டில்தான். மகள் அவளைச் சித்தி என்கிறாள். அவள் தூங்கும்போது விளையாட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறாள், யாரும் சொல்லாமலே. அத்தை சாதத்துக்குக் குக்கர் வைப்பதில்லை. விசில் அடிக்கும் என்று அந்த வாரம் முழுக்கப் பானையில் வடிக்கிறார்.